அப்பாவின் மறதி: மெட்ஃபார்மினை நிறுத்தும் முன்

உங்கள் அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை நோய்க்கு 12 வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரை, கூடவே சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு 2 மி.கி., ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.1. மறதி இருக்கிறது, விடியற்காலையில் தடுமாறுகிறார், பேச்சு குழறுகிறது என்கிறீர்கள்; மெட்ஃபார்மினால்தானோ, நிறுத்திவிடலாமா என்பது உங்கள் கேள்வி. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு முதல் சந்தேகம் கிளிமிபிரைடு மேல்தான்.

இந்த வயதில் அந்த மாத்திரையோடு 6.1 என்பது நல்ல செய்தி அல்ல. இரவில் சர்க்கரை மிகவும் இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ ராத்திரி சாப்பாடு குறைந்தாலோ அது இன்னும் இறங்கும். அடிக்கடி தாழ்சர்க்கரை வருவதற்கும் பிற்கால நினைவிழப்புக்கும் தொடர்பு உண்டு. மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கும், தடுமாறும் நேரத்திலும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் பேச்சு குழறினால் பக்கவாதமாக இருக்கலாம், அப்போதும் உடனே 108தான்.

எண்களைக் குறித்து மருத்துவரிடம் காட்டி, கிளிமிபிரைடு அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். பலவீனமான முதியவர்களுக்கு ஹெச்பிஏ1சி 8க்குள் இருந்தாலே போதும் என்றுதான் வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

மெட்ஃபார்மின் செய்யக்கூடியது வேறு: பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 உடலில் உறிஞ்சப்படுவது குறையும். மறதி, கால் எரிச்சல் இரண்டும் அதனால் வரலாம், பி12 ஊசியில் தேறவும் செய்யும். சத்து மாத்திரை தொடங்கும் முன்பே பி12 பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் அளவு நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். 200க்குக் கீழே (pg/mL அளவில்) குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகம்தான். தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) இரண்டையும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.