சிமெண்ட் கூட்டணி கேஸ்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

போட்டிச் சட்ட தீர்ப்புகளை ரொம்ப வருஷமா படிச்சிட்டு வர்றேன். சிமெண்ட் கம்பெனிங்க கூடிப் பேசி விலை ஏத்துனாங்கன்னு வந்த கேஸ் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

எங்க ஊர் கடைல எல்லா பிராண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் சொல்றாங்க அண்ணா. கூடிப் பேசிட்டாங்கன்னு சொல்ல அதுவே போதாதா?

போதாது தம்பி. ஒரு டீக்கடைக்காரர் விலை ஏத்துனா எதிர்கடைக்காரரும் ஏத்துவார், அது குத்தம் இல்ல. முதல் நாள் ராத்திரியே ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணி ஏத்துனாதான் குத்தம். 2002 போட்டிச் சட்டத்தோட 3வது பிரிவு பிடிக்கிறது அந்த பேச்சைத்தான்.

பேசினதுக்கு யாராவது எழுதியா வைப்பாங்க?

வைக்க மாட்டாங்க, அதான் இந்த கேஸ்ல கஷ்டமே. பில்டர்ஸ் சங்கம் புகார் குடுத்து 11 கம்பெனி மேலயும் சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்து மேலயும் விசாரணை நடந்துச்சு, நம்ம இந்தியா சிமெண்ட்ஸ், மெட்ராஸ் சிமெண்ட்ஸும் (இப்ப ராம்கோ) அதுல உண்டு. கையெழுத்து போட்ட ஒப்பந்தம்னு எதுவும் இல்ல. ஆனா கம்பெனிக்காரங்க சங்கக் கூட்டத்துல சந்திக்கிறாங்க, அதை ஒட்டி விலை ஏறுது, மாசா மாசம் விலை ஒண்ணா நகருது, அனுப்புற சரக்கு ஒண்ணா குறையுது. 2009-10ல ஆலைங்க 83 சதவீத திறன்ல ஓடுச்சு, அடுத்த வருஷம் 73. ஆலை சும்மா நிக்குது, விலை மட்டும் ஏறுதுன்னா தேவை கூடுனதால ஏறுச்சுன்னு எப்படி நம்புறது? தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லிடலாம், எல்லாத்தையும் சேத்து வச்சுதான் இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற போட்டி ஆணையம் (சி.சி.ஐ.) கூடிப் பேசித்தான் ஏத்துனாங்கன்னு முடிவுக்கு வந்துச்சு, அது சரிதான்னு நானும் நினைக்கிறேன்.

அபராதம் எவ்வளவு சார்?

2012 ஜூன்ல மொத்தம் 6,300 கோடிக்கு மேல. ரெண்டு வருஷ லாபத்துல பாதின்னு கணக்கு. இந்தியா சிமெண்ட்ஸுக்கு மட்டும் 187 கோடி சொச்சம்.

கட்டினாங்களா?

இதைக் கேட்டாதான் எனக்கு வயிறு எரியுது. உத்தரவுல கையெழுத்து போட்ட ஆணையத் தலைவர் நேரடி வாதத்தப்போ உக்காரவே இல்லன்னு சொல்லி 2015 டிசம்பர்ல அப்பீல் தீர்ப்பாயம் ரத்து பண்ணிடுச்சு. தப்பு பண்ணலன்னு சொல்லல, விசாரிச்ச முறை சரியில்லன்னுதான் சொல்லுச்சு. திரும்ப விசாரிச்சு 2016 ஆகஸ்ட்ல மறுபடி அபராதம், 2018 ஜூலைல என்.சி.எல்.ஏ.டி. (தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) அதை உறுதி பண்ணுச்சு, அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுத்துக்கிட்டு அபராதத்துல 10 சதவீதம் கட்டச் சொல்லுச்சு. முதல் உத்தரவுலேர்ந்து ஆறு வருஷம் போச்சு பாருங்க. கடன் வாங்கி வீடு கட்டுனவரு அந்த ஆறு வருஷமும் இஎம்ஐ கட்டிக்கிட்டுதானே இருந்தாரு.

கூட்டத்துல இருந்த ஒருத்தரே வந்து ஒத்துக்கிட்டா?

தண்டனை குறையும். பேட்டரி கம்பெனிங்க கூடி விலை வச்ச கேஸ் தெரியுமா மேடம்? பானாசோனிக் தானே போய் மின்னஞ்சல் மாதிரி ஆதாரத்தோட சொல்லிடுச்சு, 2016 ஆகஸ்ட்ல சோதனை. 2018 உத்தரவுல பானாசோனிக்குக்கு முழு விலக்கு. எவரெடி 30 சதவீத தள்ளுபடி போக 171 கோடி சொச்சம், சென்னைல இருக்குற நிப்போ கம்பெனி 20 சதவீதம் போக 42 கோடி சொச்சம். முதல்ல வந்து ஒத்துக்கிறவருக்குத்தான் பெரிய தள்ளுபடி, அதனால கூட்டாளிங்களுக்குள்ள யாரு முந்துவாங்கன்னு பயம் வந்துடும். காட்டிக் குடுத்தவனுக்கு பரிசான்னு கோவப்படுறவங்க இருக்காங்க, ஆனா கதவை உள்ளேர்ந்து திறக்க வேற வழி எனக்குத் தெரியல.

அதிகமா குடுத்த காசு எனக்குத் திரும்ப வருமா? நான் சின்ன கான்ட்ராக்டர்.

சட்டத்துல வழி இருக்கு, 53என் பிரிவு. கார்ட்டெல்னு (கூடிப் பேசி விலை வச்ச கூட்டணின்னு) முடிவான பிறகு நஷ்டஈடு கேட்டு என்.சி.எல்.ஏ.டி.க்கு போகணும், அபராதப் பணம் அரசுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. நீங்க எவ்வளவு வாங்குனீங்க, எந்த தேதில என்ன விலைன்னு காட்டணும், அதனால துண்டுச்சீட்டுல எழுதி வாங்காதீங்க, ஒவ்வொரு லோடுக்கும் பில் கேட்டு வாங்கி ஃபைல்ல போட்டு வைங்க.