டிராகனுக்கும் தோள்மூட்டு உண்டு

கேள்வி: ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமேற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆறு மாதங்களாக நண்பர்களுடன் விளையாடி வருகிறேன். என் பாத்திரமான எல்ஃப் (கூர்காதுள்ள கற்பனை இனம்) வில்லாளியையும் நாங்கள் எதிர்கொண்ட டிராகனையும் நானே வரைய ஆசை. ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால் ஓரளவு நன்றாக வருகிறது. மனத்தில் தோன்றுவதை வரைந்தால் உருவம் விறைத்து நிற்கிறது, சிறகு ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. எனக்குக் கற்பனை போதவில்லையா? கணினியில் வரைய உதவும் டேப்லெட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: உங்கள் கற்பனையில் குறையில்லை. பிறர் படத்தைப் பார்த்து வரையும்போது, உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, முழங்கை எங்கே மடங்குகிறது என்பதையெல்லாம் அந்த ஓவியர் முன்பே தீர்மானித்துவிடுகிறார். தனியாக வரையும்போது அவற்றை நீங்களே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய அறிவு உயிருள்ள உடல்களைப் பார்த்து வரைவதால்தான் கிடைக்கும்.

சிறகையே எடுத்துக்கொள்வோம். வௌவாலின் சிறகு உண்மையில் அதன் கை. நீண்டுபோன நான்கு விரல்களுக்கு இடையே தோல் விரிந்திருக்க, கட்டைவிரல் மட்டும் தனியே நிற்கிறது. பறவைக்கோ, சிறகை அசைக்கும் பெரிய தசைகள் மார்பெலும்பில் பற்றியிருக்கின்றன. நான்கு கால்களும் இரண்டு சிறகுகளும் கொண்ட டிராகனுக்கு ஆறு உறுப்புகள் ஆகின்றன; முதுகெலும்புள்ள எந்த விலங்குக்கும் இந்த அமைப்பு இல்லை. ஆகவே முன்னங்கால்களின் தோளுக்குப் பின்னால் இன்னொரு தோள்மூட்டையும், அதை இயக்கும் தசைக்கு இடம் தரும் அகன்ற மார்பையும் நீங்களே அமைக்க வேண்டும். அவை அமைந்துவிட்டால் சிறகு உடலிலிருந்து முளைத்ததாகவே தோன்றும். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

வில்லாளிக்கு, நண்பர் ஒருவரை நாண் இழுப்பதுபோல் நிற்கச் சொல்லி, முப்பது வினாடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் முடியும் விரைவுக் கோட்டோவியங்களாக வரையுங்கள். முகமும் உடையும் அப்போது வேண்டாம். தலையிலிருந்து ஊன்றிய பாதம்வரை ஓடும் ஒரே வளைவைப் பிடித்தால் போதும், விறைப்பு தளரத் தொடங்கும். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு. வீரர்களை எட்டுத் தலைக்குச் சற்று மேலேயும் வரைவதுண்டு. விளையாட்டில் வரும் குள்ளர் இனத்தாருக்குத் தலையைச் சிறிதாக்காமல் உடலின் உயரத்தை மட்டும் குறையுங்கள்.

உங்கள் படம், விளையாடும்போது பாத்திரம் நிற்கும் இடத்தைக் காட்ட மேசையில் ஓர் அங்குலக் கட்டத்தில் வைக்கும் சிறு வட்டக் காயாகவும் பயன்படலாம். அந்த அளவில் கண்ணும் கவசத்தின் வேலைப்பாடும் தெரியாது, புறவடிவம் மட்டுமே தெரியும். உருவம் முழுவதையும் கருமையாக நிரப்பிப் பாருங்கள். வில்லும் மேலங்கியும் யாருடையவை என்று உங்கள் குழுவினர் உடனே சொல்லிவிட்டால், அதன் பிறகு நுணுக்கங்களுக்குப் போகலாம்.

டேப்லெட் இப்போதைக்கு வேண்டாம். தோள்மூட்டு எங்கே வர வேண்டும் என்பதை அது சொல்லித்தராது. 2பி பென்சிலும் மலிவான தாள்கட்டும் போதும். தாள் மலிவாக இருந்தால்தான் தயங்காமல் பத்துப் படங்களை வரைந்து ஒன்பதை ஒதுக்க மனம் வரும்.