உப்புக் குப்பியும் விண்கலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு டின் சப்ளை செய்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. சின்ன வயதில் ஓசூரில் இருந்தோம், அப்பாவுக்கு சிப்காட்டில் வேலை. எண்பதுகளில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடு ஒன்றுதான். பெங்களூர் பக்கம் திருப்பிவைத்த ஆன்டெனா. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்கலத் தொடர் வரும். ஆங்கிலம் ஒரு வரிகூடப் புரியாது. காதையும் புருவத்தையும் பார்த்து, கப்பலின் வேற்றுக்கிரக அதிகாரி ஸ்போக்கை ரொம்ப நாள் வில்லன் என்றே நினைத்திருந்தோம்.

அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் நான்கு பேர் இன்னும் ஞாயிறு மாலை ஒரு டீக்கடையில் கூடுகிறோம். பேச்சு பெரும்பாலும் ஸ்டார் ட்ரெக் துணுக்குகள்தான். கப்பல் டாக்டர் மெக்காயின் கருவிகள் உப்புக் குப்பிகள், இன்ஜினியர் ஸ்காட்டிக்கு ஒரு விரல் கிடையாது, இப்படி. போன வாரம் நண்பரின் மகன் வந்திருந்தான், இன்ஜினியரிங் படிக்கிறான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதெல்லாம் தெரிஞ்சு என்னா ஆவப்போவுது? அதான் போன்லயே இருக்குதே" என்றான். எங்களுக்குப் பதில் வரவில்லை. நீங்களும் ஒரு கட்டுரையில் "துணுக்கு சேர்ப்பவன் ரசிகன் அல்ல, கிடங்குக் காவலன்" என்று எழுதியிருந்தீர்கள். எங்களைத்தான் சொன்னீர்களா?

இன்னொரு விஷயம். "பீம் மீ அப், ஸ்காட்டி" (என்னைக் கப்பலுக்கு மேலே இழு, ஸ்காட்டி) என்று கேப்டன் கிர்க் சொல்வது முதல் சீசனிலா இரண்டாவதிலா என்று எங்களுக்குள் பந்தயம். அமெரிக்க டிவியில் கறுப்பர் வெள்ளையர் முத்தமிட்டது கிர்க்கும் கறுப்பின அதிகாரி உஹுராவும்தான் முதலில் என்பதிலும் சண்டை. தீர்த்துவைக்க வேண்டும்.

எம்.,
கிருஷ்ணகிரி

அன்புள்ள எம்,

பந்தயத்தை முதலில் முடித்துவிடலாம். 1966 முதல் 1969 வரை மூன்று சீசன், 79 எபிசோடுகள். கிர்க் அந்த வாக்கியத்தை அந்த வடிவத்தில் ஓரிடத்திலும் சொல்வதில்லை. அதை ஒட்டி வரும் வாக்கியங்கள் உண்டு, இது மட்டும் இல்லை. பந்தயம் கட்டிய இருவருமே தோற்றீர்கள். டீக்காசைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கிடங்குக் காவலன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரியில் எனக்கு இன்றும் சம்மதம்தான். உங்களைச் சொன்னதா என்பது நீங்கள் பேசும் துணுக்கைப் பொறுத்தது. ஒரு துணுக்கைக் கேட்டதும் "அடேங்கப்பா" என்று சொல்லி அடுத்த துணுக்குக்குப் போய்விடுகிறோம். இன்னொன்றைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் அந்த எபிசோடை மறுபடி போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. நான் திட்டியது முதல் வகையை.

உப்புக் குப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்பான 'தி மேன் ட்ராப்' எபிசோடில் மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் ஒரு பிராணி வருகிறது. அதற்கு ஆசை காட்ட உப்புக் குப்பி வேண்டும். எதிர்காலத்துக் குப்பி ஆயிற்றே என்று விசித்திர வடிவில் சிலதை வாங்கி வந்தார்கள். அப்புறம்தான் உறைத்தது, இதைப் பார்த்தால் உப்புக் குப்பி என்று ஒருவருக்கும் தெரியாது. சாதாரணக் குப்பியையே காட்டிவிட்டு, வாங்கிவந்த விசித்திரங்களை மெக்காயின் கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மூன்று வருஷம் அவர் நோயாளிகளின் உடம்பின் மேல் ஆட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சிரிப்பு வரவேண்டும். எனக்கு வரவில்லை. மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லி அந்தக் குப்பியைப் பிடித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். கண் நோயாளியின் முகத்தில் இருக்கும், கை மட்டும் பழக்கப்பட்ட வேகத்தில் நகரும். குப்பி கருவியாவது அந்தக் கையால். குப்பி எந்தக் கடையில் வாங்கியது என்பதோடு நிற்கிறவர் அந்தக் கையைப் பார்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் அந்த டிரான்ஸ்போர்ட்டர். நின்ற இடத்தில் மினுமினுத்துக் கரைந்து, கீழே கிரகத்தில் போய் முளைக்கிறார்களே, அது. விஞ்ஞானக் கற்பனை என்று நாம் வாயைப் பிளந்தோம். காரணம் பணம். வாரா வாரம் ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்ட அன்றைய தொலைக்காட்சி பட்ஜெட்டில் வழியில்லை. அதனால் கப்பலே இறங்க வேண்டாம், ஆட்கள் மட்டும் போய்ச் சேரட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மினுமினுப்பு அலுமினியத் தூள். கறுப்புத் திரைக்கு முன்னால் தூளைக் கொட்டி, பின்னாலிருந்து விளக்கடித்து, கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து மெதுவோட்டத்தில் படம் பிடித்தார்கள். விழுகிற தூள் எழுவதுபோலத் தெரியும்.

நம் பக்கத்தில் பதினெட்டு நாள் பாரதம் நடத்தும் ஊரில் ஒரு ராத்திரி உட்கார்ந்தவருக்கு இது புதிதே இல்லை. துரியோதனன் அஸ்தினாபுரத்தில் நிற்கிறான். ஆட்டக்காரர் களரியை ஒரு சுற்றுச் சுற்றுகிறார், ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுக்கிறது, காடு வந்துவிட்டது. தேர் எங்கே, குதிரை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வேஷம் நுழையும்போது இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். என்டர்பிரைஸ் கப்பலின் தானாகத் திறக்கும் கதவுகளுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றுதான் இழுத்தார்கள். இழுப்பவர் ஒரு நொடி தாமதித்தால் கேப்டனின் மூக்கு கதவில். அப்படி இடித்துக்கொண்ட காட்சிகள் கழித்துப்போட்ட படச்சுருளில் மிச்சமிருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

கூத்துக்கு மறுநாள் கோயில் திண்ணையில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறியவர் பாதியில் நின்று எந்தப் பாட்டை எடுத்தார், பாஞ்சாலி வேஷக்காரருக்கு விடியற்காலையில் குரல் எங்கே கம்மியது, யார் பின்பாட்டில் தாங்கிப்பிடித்தார். எல்லாம் துணுக்குதான். ஆனால் அப்படிப் பேசுகிறவர்தான் அடுத்த வருஷமும் போர்வையோடு முதல் வரிசையில் வந்து உட்காருகிறார்.

பணமில்லாமல் வந்த டிரான்ஸ்போர்ட்டர் அதோடு நிற்கவில்லை. தொடர் ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள், 1966 அக்டோபரில், 'தி எனிமி விதின்' வருகிறது. எழுதியவர் ரிச்சர்ட் மாத்தீசன். கருவி கோளாறாகி கிர்க் இரண்டு ஆளாகத் திரும்பி வருகிறார். ஒருவர் சாது, மற்றவர் முரடன். முரடனைப் பிடித்துக் கட்டிப்போட்டால் கதை முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் சாது கிர்க்குக்கு மெல்ல மெல்ல முடிவெடுக்கும் திராணி போய்விடுகிறது. அதிகாரம் செய்யும் தெம்பு முரடனிடம் இருக்கிறது. இருவரும் மறுபடி ஒட்டினால்தான் ஒரு கேப்டன். கப்பல் இறக்கக் காசில்லாமல் கண்டுபிடித்த ஒரு சால்ஜாப்பிலிருந்து, மனிதன் எதனால் ஆனவன் என்ற கேள்விக்கு நாலு வாரத்தில் போய்விட்டார்கள்.

அதே எபிசோடில் கப்பலோட்டி சூலுவும் இன்னும் சிலரும் கீழே கிரகத்தில் மாட்டிக்கொண்டு குளிரில் விறைக்கிறார்கள். துப்பாக்கியால் பாறையைச் சுட்டுச் சூடேற்றிக் குளிர்காய்கிறார்கள். நீளமான கயிறு இருந்தால் ஒரு கூஜா காப்பி இறக்கக் கூடாதா என்று மேலே கேட்கிறார் சூலு. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் அந்த நகைச்சுவையை ஜார்ஜ் டக்கேய் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். இங்கேதான் உங்கள் டீக்கடையில் யாராவது கேட்டிருக்க வேண்டும்: சின்னக் கலம் ஒன்றை அனுப்பி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே? அனுப்பவில்லை, ஏனென்றால் அப்போது அப்படி ஒரு கலம் செட்டில் கிடையாது. 1967 ஜனவரியில் 'தி கலிலியோ செவன்' எபிசோடில்தான் அது கண்ணில் படுகிறது. அதைக்கூடப் பொம்மை மாடல் விற்கும் ஏஎம்டி கம்பெனி, தொடரின் மாடல்களை விற்கும் உரிமைக்காகச் செய்து கொடுத்தது.

ஸ்போக்கை வில்லன் என்று நினைத்ததற்கு வெட்கப்படாதீர்கள். உங்களுக்கு முன்பே என்பிசி தொலைக்காட்சிக்கு அந்தப் பயம் இருந்தது. சாத்தான் மாதிரி இருக்கிறானே என்று யோசித்து, விளம்பரதாரர்களுக்கு அனுப்பிய கையேட்டில் அவருடைய காதையும் புருவத்தையும் படத்தில் திருத்தி மழுங்கடித்து அச்சிட்டார்கள். பிறகு தொடரில் அதிகம் நேசிக்கப்பட்டவர் அவர்தான் என்பது வேறு கதை. அந்தக் குணத்தைக் காத்தவர் ஸ்போக்காக நடித்த லியனார்ட் நிமோய். நான் சொன்ன அதே 'எனிமி விதின்' திரைக்கதையில் ஸ்போக் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்து ஆளை வீழ்த்த வேண்டும். இவன் அப்படி அடிக்கிற ஆள் இல்லை என்றார் நிமோய். கழுத்தோரம் விரலால் ஒரு அழுத்து, ஆள் சரிந்துவிடுவான் என்று அவர் சொன்னார். கிர்க்காக நடித்த ஷாட்னர் அதற்கேற்ப விழுந்து காட்டினார். ஸ்போக்கின் இனமான வுல்கன்களின் கைகாட்டலும் அவருடையதே. சிறுவயதில் பாஸ்டனில் யூதத் தொழுகைக்கூடத்தில் ஆசி வழங்கும்போது குருமார்கள் விரல்களைப் பிரித்து வைத்திருப்பார்கள். பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் எட்டிப் பார்த்துவிட்ட பையன், 1967-ல் 'அமோக் டைம்' எபிசோடில் அதை வேற்றுக்கிரகத்துக்குக் கொடுத்தான்.

முத்தச் சண்டை. 1968 நவம்பரில் வந்த 'பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன்'. அதுதான் முதல் என்பது நிற்காது. ஒரு வருஷம் முன்பே பாடகி நான்சி சினாட்ராவின் நிகழ்ச்சியில் அவரும் கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியரும் முத்தமிட்டிருக்கிறார்கள், சின்னதாகத்தான். ஆனால் முதலா இரண்டாவதா என்று அடித்துக்கொண்டதில் நீங்கள் நால்வரும் கதையை மறந்துவிட்டீர்கள். கதைப்படி அந்த இருவரும் விரும்பி முத்தமிடுவதில்லை. மனோசக்தி கொண்ட வேற்றுக்கிரகத்தார் பொம்மையாட்டுவதுபோல அவர்களை ஆட்டுவிக்கிறார்கள். அவ்வளவு முன்னேறிய தொடரும் 1968-ல் அவர்களாக விரும்பினார்கள் என்று சொல்லத் துணியவில்லை. முத்தமில்லாத இன்னொரு டேக்கும் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஷாட்னர் கேமராவைப் பார்த்து மாறுகண் காட்டி அதைக் கெடுத்தார் என்று உஹுராவாக நடித்த நிக்கெல் நிக்கோல்ஸ் தன் நினைவுகளில் சொல்கிறார். முதல் சீசன் முடிந்ததும் விலகப் போன தன்னைத் தடுத்தது மார்ட்டின் லூதர் கிங் என்பதும் அவர் சொன்னதுதான். 1977-ல் நாசாவுக்கு ஆள் சேர்க்கும் பிரசாரத்தில் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனவர் அவர். அடுத்த வருஷம் தேர்வான குழுவில், பின்னாளில் விண்ணுக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடும் முதல் அமெரிக்கக் கறுப்பர் கியான் ப்ளூஃபோர்டும் இருந்தார்கள்.

ஸ்காட்டியின் விரல் மட்டும் எனக்குச் சங்கடம். ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் கனடாக்காரர், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஜூனோ கடற்கரையில் இறங்கிய படைவீரர். அன்று இரவு சொந்தப் பக்கத்துக் காவலாளியே பதற்றத்தில் சுட்டதில் வலது நடுவிரல் போயிற்று. மார்பில் பாய்ந்த குண்டை வெள்ளி சிகரெட் பெட்டி தடுத்தது. பெரிய வாழ்க்கைதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு எபிசோடு பூராவும் கண் அவர் கையிலேயே நிற்கிறது. அவர் மறைக்கப் பாடுபட்ட ஒன்றைத் தேடுகிறோம், அவருடைய நடிப்பு போய்விடுகிறது. உங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லாமலிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கேட்க மாட்டீர்கள், தெரியும்.

இந்தியர்கள் என்ற முறையில் நீங்கள் கான் நூனியன் சிங் என்ற வில்லனை ஒரு ஞாயிறு முழுக்கப் பிரித்து மேயலாம். வட இந்திய சீக்கியன் என்று ஊகிக்கப்படும் பாத்திரம், நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்டல்பான். தலைப்பாகையோடு அவனைக் காண்பது கப்பலில் ஒரு பெண் வரையும் ஓவியத்தில்தான். 1982-ல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் அவன் கப்பல் அதிகாரி செக்கோவைப் பார்த்து முகம் மறக்காது என்கிறான். கான் வந்த எபிசோடு 1967 பிப்ரவரி, செக்கோவ் சேர்ந்ததோ அந்த செப்டம்பரில். செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் இதற்கு வேடிக்கையாக ஒரு விளக்கம் சொல்வார்: அன்று கானைக் கழிப்பறை வாசலில் வெகுநேரம் காக்கவைத்தவன் செக்கோவ், அந்த முகத்தை எப்படி மறப்பான்?

உங்கள் நண்பரின் மகன் சொன்னது பாதி சரி. எல்லாம் போனில் இருக்கிறது. சின்னக் கலத்தை ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வி மட்டும், சூலு குளிரில் நடுங்குவதைப் பார்த்து எரிச்சல்பட்டவனுக்குத்தான் வரும். வந்தபிறகு போனில் தேடினால் போயிற்று. எனவே அவனுக்கு ஒரு துணுக்கும் சொல்லாதீர்கள். டீக்கடைக்கும் கூப்பிட வேண்டாம். ஒரு சாயங்காலம் வீட்டில் 'தி எனிமி விதின்' போட்டுக் காட்டுங்கள். பிடித்தால் 'அமோக் டைம்', அப்புறம் 'தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்', அது சிரிப்பதற்கு. மூன்றாம் சீசனின் தொடக்கமான 'ஸ்போக்ஸ் ப்ரெய்ன்' மட்டும் கடைசிவரை வேண்டாம். மூளையைத் திருடிக்கொண்டு போகிற கதை அது. அதைப் பார்த்துவிட்டு அவன் கேட்கிற கேள்விக்கு என்னாலும் பதில் சொல்ல முடியாது.