ஒரு சாலைக்கு எதற்கு அருங்காட்சியகம்?

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க பென்சில்வேனியா போயிருந்தபோது, லட்ரோப் அருகே உள்ள லிங்கன் நெடுஞ்சாலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். பழைய படங்கள், 1938ஆம் ஆண்டின் சாலையோர உணவகம் ஒன்று, அவ்வளவுதான். வழியில் ஒரு கான்கிரீட் தூணையும் நின்று பார்க்க வைத்தாள். சாலைதான் வெளியே ஓடுகிறதே, அதற்கு எதற்கு அருங்காட்சியகம்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வெளியே ஓடுவது 30ஆம் எண் சாலை. லிங்கன் நெடுஞ்சாலை வேறு. 1913இல் அதை அறிவித்தபோது அதில் பெரும்பகுதி காகிதத்தில்தான் இருந்தது. கார் விளக்குகளுக்கு அசிட்டிலீன் வாயு விற்றுப் பணக்காரரான கார்ல் ஃபிஷர், நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை சாலை போடுவோம், 1 கோடி டாலர் திரட்டுவோம் என்று கிளம்பினார். ஹென்றி ஃபோர்டு கைவிரித்துவிட்டார். தனியார் போட்டுக் கொடுத்தால் மக்கள் தங்கள் வரிப்பணத்தில் சாலை போட ஒருநாளும் முன்வர மாட்டார்கள் என்பது அவர் வாதம். எனக்கென்னவோ ஃபோர்டு சொன்னதே சரியென்று படுகிறது. நினைத்த பணம் சேரவில்லை. இருந்த பாதைகளையே கோத்து, 3,389 மைலுக்கும் ஒரே பெயரைச் சூட்டினார்கள்.

பிறகு செய்ததுதான் சாமர்த்தியம். சிமென்ட் கம்பெனிகளிடம் இலவசமாக சிமென்ட் வாங்கி, ஊருக்கு வெளியே ஒரே ஒரு மைலுக்குக் கான்கிரீட் போட்டார்கள். 'விதை மைல்' என்று அதற்குப் பெயர். முதலாவது 1914இல் இல்லினாயின் மால்ட்டாவில். சேற்றில் தொடங்கிச் சேற்றிலேயே முடியும். அந்த ஒரு மைல் சுகம் கண்டவன் மறுபடி சேற்றில் இறங்கும்போது யாரைத் திட்டுவான்? உள்ளூர் நிர்வாகத்தைத்தான். அதற்காகவே போட்டது.

1919இல் ராணுவ வண்டிகளின் அணிவகுப்பு ஒன்று, பெரும்பாலும் இதே வழியில், வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர 62 நாள் ஆயிற்று. அதில் போன இளம் அதிகாரி ஐசன்ஹோவர். 1956இல் ஜனாதிபதியாக அவர் கையெழுத்திட்ட சட்டத்தில் வந்த புதிய நெடுஞ்சாலைகள் பல சிற்றூர்களை ஒதுக்கிவிட்டுப் போயின.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. பெருநகர அருங்காட்சியகம் இந்தக் கதையைப் பொறியியலாகச் சொல்லும். சிற்றூருக்கு அது பிழைப்பு. சாலை தன் கடைத்தெரு வழியாகப் போக வேண்டும் என்று மல்லுக்கு நின்ற ஊர்கள் அவை. நீங்கள் 'அவ்வளவுதான்' என்ற உணவகம் அந்தப் பிழைப்பின் மிச்சம்.

அந்தத் தூணும் அப்படி அலட்சியமாகக் கடந்துபோக வேண்டியதல்ல. 1926இல் அரசு சாலைகளுக்கு எண் கொடுத்தபோது பெயர் அடிபட்டுப்போனது. 1928 செப்டம்பர் 1 அன்று, லிங்கன் முகம் பதித்த ஏறக்குறைய 3,000 தூண்களைச் சாரணச் சிறுவர்கள் வழிநெடுக நட்டார்கள். வழிகாட்ட மட்டுமல்ல, சாலையை லிங்கனுக்கு அர்ப்பணித்த நினைவாகவும்.

மறுமுறை போனால் ஐயோவாவின் டாமா ஊருக்குப் போய்ப் பாருங்கள், தூரம்தான். 1915இல் கட்டிய சிறு பாலம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கச்சுவரே 'லிங்கன் ஹைவே' என்ற ஆங்கில எழுத்துகளாக வார்க்கப்பட்டிருக்கும்.