'வாட் டூ யூ டூ?'வில் எந்த டூ மெயின் வெர்ப்?

கேள்வி: சார், 'டூ' மெயின் வெர்பா (முதன்மை வினை), ஆக்சிலரியா (துணை வினை)? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே.

பதில்: இரண்டும்தான். 'வாட் டூ யூ டூ?' என்று கேட்டால் முதல் 'டூ' கேள்வியாக்க வந்த ஆக்சிலரி, அதற்கென்று தனி அர்த்தமே கிடையாது, கடைசி 'டூ'தான் 'செய்'. நம் 'விடு' இல்லையா, அது மாதிரி. 'கயிற்றை விட்டான்' என்றால் நிஜமாகவே விட்டான், 'வந்துவிட்டான்' என்றால் எதை விட்டான்?

கேள்வி: அண்ணா, இன்டர்வியூவில் 'ஐ டிட் நாட் வென்ட்' என்றேன், சிரித்துவிட்டார்கள். முடிந்துபோன விஷயம்தானே?

பதில்: சிரித்தது அவர்கள் தப்பு, அதை விடு தம்பி. இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமக்கிறது, அதனால் பின்னால் வெறும் 'கோ' போதும். நாமும் 'போகவில்லை' என்றுதானே சொல்கிறோம், 'போனவில்லை' என்றா சொல்கிறோம்?

கேள்வி: 'ஐ ஹேவ் எ பைக்', 'ஐ ஹேவ் பாட் எ பைக்' இரண்டிலும் ஹேவ் ஒன்றேதானா?

பதில்: கேள்வியாக மாற்றிப் பாருங்கள். முதலாவது 'டூ யூ ஹேவ் எ பைக்?' என்று டூவைத் துணைக்குக் கூப்பிடுகிறது, ஆகவே அங்கே ஹேவ் மெயின். இரண்டாவதில் 'ஹேவ் யூ பாட்...' என்று ஹேவ் தானே முன்னால் போய் நிற்கிறது, அது ஆக்சிலரி. ('ஹேவ் யூ எ பைக்?' என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) ஆனால் இந்தச் சோதனை ஆம், இஸ், ஆர் பக்கம் பலிக்காது. 'ஆர் யூ ஹங்க்ரி?'யில் ஆர் மெயின் வெர்ப்தான், இருந்தும் முன்னால் ஓடிவிடுகிறது. அங்கே கூட வேறு வெர்ப் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் அதுதான் மெயின்.

கேள்வி: 'ஷீ ஹேஸ் பீன் வெயிட்டிங்'. மூன்றில் எது மெயின்?

பதில்: கடைசியில் நிற்கும் வெயிட்டிங். காலம் காட்டுவது முதலில் நிற்கும் ஹேஸ், அதை 'ஹேட்' ஆக்கினால் காலம் பின்னால் போய்விடும். தமிழில் அப்படியே தலைகீழ்: 'காத்துக்கொண்டிருக்கிறாள்' என்பதைப் பிரித்தால் காத்து, கொண்டு, இருக்கிறாள். மெயின் முதலில், காலம் கடைசியில். நம்மவர்கள் இங்கிலீஷ் பேசும்போது தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: 'ஹீ கேன் ஸ்விம்ஸ்' சரியா மேடம்? (சாரா மேடமா தெரியவில்லை!)

பதில்: சார்தான். 'ஸ்விம்' மட்டும். கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், உட், மஸ்ட், இந்த ஒன்பதிலும் எஸ் ஒட்டாது, பின்னால் வரும் வெர்பிலும் ஒட்டாது, நடுவில் 'டு'வும் வராது.