பதில்: இருட்டில் மிட்டாயை நொறுக்கியும் ஒளி தெரியவில்லை

மகளின் அறிவியல் கண்காட்சிக்காக எலுமிச்சை மிட்டாயை இருட்டில் நொறுக்கிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மிட்டாயை விட்டுவிட்டுக் கட்டிக் கற்கண்டில் செய்யுங்கள், அதுதான் சர்க்கரைப் படிகம்.

சர்க்கரைப் படிகம் பிளக்கும்போது ஒரு பக்கம் நேர்மின்னூட்டமும் மறுபக்கம் எதிர்மின்னூட்டமும் சேர்கின்றன. இடையில் மின்சாரம் பாய்ந்து காற்றிலுள்ள நைட்ரஜன் ஒளிர்கிறது. மின்னலிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் அந்த ஒளியில் பெரும்பங்கு புற ஊதா, நம் கண்ணுக்கு எட்டாது. அமெரிக்காவின் லைஃப் சேவர்ஸ் விண்ட்-ஓ-கிரீன் மிட்டாய் இதற்குப் பேர்போனது ஏனென்றால், அதன் வாசனைப் பொருளான மெத்தில் சாலிசிலேட் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. நம் வலித் தைலங்களில் வரும் அதே வாசனைதான். அதற்காகத் தைலத்தைக் கற்கண்டில் தடவிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள், விழுங்கினால் விஷம்.

சென்னைப் புழுக்கமும் ஒரு காரணம். பிசுபிசுத்த மேற்பரப்பில் மின்னூட்டம் கசிந்துவிடும். கற்கண்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, உடைக்கும் நேரத்தில் மட்டும் எடுங்கள். தெருவிளக்கு துளியும் நுழையாத அறையில் கால் மணி நேரமாவது கண்ணைப் பழக்குங்கள். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அப்புறம் கற்கண்டைத் தெளிவான பாலிதீன் கவருக்குள் போட்டு, குறட்டால் ஒரே அழுத்தில் உடையுங்கள். துகள் கண்ணில் தெறிக்காது. உடையும் கணத்தில் மங்கலான நீலம் வெட்டி மறையும்.

கண்காட்சிக்கு ஜன்னல் இல்லாத அறை கிடைக்குமா என்று ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.