உடலை எழுதுதல், குடியை எழுதுதல்: தன்வரலாறு பற்றிய கேள்வி பதில்

நான் 1959இல் மட்டக்களப்பு, கல்லடியில் பிறந்தவள். மூன்று வயதில், 1962இல் நாடெங்கும் பரவிய இளம்பிள்ளை வாதம் என் இடது காலைப் பிடித்தது. தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பின்னர், அந்தக் காலையும், குடி என்று நாங்கள் சொல்லும் என் தாய்வழிக் குலத்தையும் பற்றி ஒரு தன்வரலாறு எழுதினேன். அதை வாசித்துவிட்டுத் தாமும் எழுத முனைபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு மாணவி: எங்கிருந்து தொடங்குவது, டீச்சர்? பிறந்த நாளிலிருந்தா?

பிறந்ததை நீங்கள் பார்க்கவில்லை. ஆகவே அங்கிருந்து வேண்டாம். உங்கள் உடம்பில் உள்ள ஓர் அடையாளத்திலிருந்து தொடங்குங்கள். கடற்கரை மணலில் நான் நடந்தால் வலது கால் பாதமாகப் பதியும், இடது கால் ஒரு கோடாக இழுபடும். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பார்த்தே நான் யார் வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கோட்டை எழுத உட்கார்ந்தபோது, அது எனக்கு எப்படி வந்தது என்று வீட்டில் சொல்லப்பட்ட கதையும் கூடவே வந்தது. கண்ணகை அம்மனுக்கு வைத்த நேர்த்தி ஒன்றை அம்மா செலுத்தத் தவறியதால் வந்த குறை என்பது அந்தக் கதை. அது வாய்வழியாக உடலுக்குள் போய், முள்ளந்தண்டில் தசைகளை இயக்கும் நரம்புகளைத் தாக்கும் வைரஸ் என்பதையும், அதற்கான சொட்டு மருந்து அந்த 1962ஆம் ஆண்டில்தான் இலங்கைக்கு வந்தது என்பதையும் நான் வளர்ந்த பிறகே படித்து அறிந்தேன்.

இரண்டையும் எழுதினேன். நேர்த்திக் கதையைத் தள்ளிவிட்டால், அதை நாற்பது வருடம் நெஞ்சில் சுமந்த என் அம்மா புத்தகத்தில் இல்லாமல் போய்விடுவார். அதையே காரணம் என்று எழுதியிருந்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன். இன்னார் இப்படிச் சொன்னார்கள், நான் அறிந்தது இது என்று பிரித்து எழுதும் பழக்கம் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: ‘வீட்டுச் சங்கதியைச் சந்திக்குக் கொண்டு போகாதே’ என்று அம்மா அழுகிறார். எழுதுவதா, விடுவதா?

அம்மா எந்தச் சங்கதியை நினைத்து அழுகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். நாம் எழுத நினைத்திருப்பதும் அவர்கள் பயப்படுவதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

அதன் பிறகு, எழுதியதில் எது உங்களுடையது, எது மற்றவருடையது என்று பாருங்கள். என் அக்காவுக்குப் பேசிய கலியாணம் குழம்பிப்போன கதையை நான் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். புத்தகத்திலேயே நன்றாக வந்த பக்கங்கள் அவைதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவற்றில் என்னுடையது, கதவுக்குப் பின்னால் நான் நின்று கேட்டது மட்டுமே; மிகுதி முழுவதும் அக்காவினுடையது. பதினொரு பக்கத்தையும் எடுத்துவிட்டு, கதவையும் அதன் இடுக்கால் தெரிந்த விளக்கு வெளிச்சத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்தமாகவே சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு ஒருவர் தீங்கு செய்திருந்தால், அவர் மாமனாக இருந்தாலும் கோயிலில் முதல் மரியாதை பெறுபவராக இருந்தாலும், அதை எழுத எவருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை. குடும்ப மானம் என்ற சொல் பெரும்பாலும் தீங்கு செய்தவரைக் காப்பதற்கே எடுக்கப்படுகிறது. எப்போது எழுதுவது, யாரிடம் காட்டுவது என்பதை மட்டும் உங்கள் பாதுகாப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒருவர்: குடித்துவிட்டு வந்து எங்களை அடித்த அப்பாவை ‘அடித்தார்’ என்று எழுதக் கை வரவில்லை. ‘அடித்தான்’ என்று எழுதினால் அம்மா மனம் நோவார்.

உங்கள் கை நிற்கும் இடம் சரியான இடம். வினைச்சொல்லின் கடைசியில் மரியாதையை வைத்தே பேசும் மொழி நம்முடையது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திலும் அப்பாவைப் பற்றிய ஒரு தீர்ப்பு தானாகவே ஏறிவிடுகிறது. அந்த வயதில் நீங்கள் அவரை எப்படிச் சொன்னீர்களோ அப்படியே எழுதுங்கள். “அப்பா சாப்பிட்டார், கை கழுவினார், பெல்ட்டைக் கழற்றினார்” என்று எழுதிப் பாருங்கள். அடி விழும்போதும் ‘ஆர்’ விகுதியை விட முடியாமல் இருந்த பிள்ளையின் நிலை அதில் தெரியும். ‘ஆன்’ போட்டால் இன்றைய உங்கள் கோபம்தான் தெரியும். அந்தக் கோபமும் உண்மையானதே, அதற்கு வேறொரு பக்கம் கொடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரர்: அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் குடியைப் பற்றி எழுத விரும்புகிறேன். பெருமை பேசுவதாகப் போய்விடுமோ என்று தயங்குகிறேன்.

வஅலைக்கும் ஸலாம், தம்பி. எழுத வேண்டிய விடயம் இது. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாகவே வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயரும் குடிவழியாகவே பொறுப்புக்கு வந்தார்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போக, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறார். ஒரே வாவியைச் சுற்றி இருந்துகொண்டு ஒருவரையொருவர் இழந்த இரண்டு சமூகங்களின் வீடுகளுக்குள் இந்த ஒரே ஒழுங்கு இருக்கிறது என்பதை உங்களைப் போன்றவர்கள் எழுதிப் படிக்க எனக்கு மிகுந்த ஆசை.

பெருமை எங்கே நுழைகிறது என்று கேட்டால், ‘நாங்கள்’ என்ற சொல்லில் நுழைகிறது என்பேன். ‘நாங்கள்’ கேட்பவரை வெளியே நிறுத்துகிறது, ‘நாம்’ அவரையும் சேர்த்துக்கொள்கிறது. எழுதி முடித்தபின் ஒவ்வொரு ‘நாங்க’ளுக்கும் அடியில் கோடிட்டு, இதற்கு வெளியே நிற்பவர் யார் என்று கேளுங்கள். என் முதற்படியில் “எங்கள் கோயில் சடங்கு” என்று அடிக்கடி எழுதியிருந்தேன். வைகாசியில் கதவு திறப்பதிலிருந்து, அம்மனைக் குளிர்வித்துச் சடங்கை முடிக்கும் குளிர்த்தி வரை எல்லாம் வந்திருந்தது, பறை அடித்தவர்கள் மட்டும் வரவில்லை. அவர்களுக்குச் சோறு எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வேலிக்கு வெளியே, பூவரச மரத்தின் கீழே. அந்த மரத்தை எழுதிய பிறகுதான் அந்த அத்தியாயம் நிமிர்ந்தது.

தாய்வழி என்பதால் பெண்ணாட்சி என்று எழுதிவிடவும் வேண்டாம். வீட்டு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், உம்மாவின் பெயரில் இருக்கலாம். அந்த வீட்டை ஈடு வைக்கும் முடிவை யார் எடுத்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். வண்ணக்கரும் மரைக்காயரும் ஆண்கள்தான்.

கிரானிலிருந்து ஒரு பெண்: 1990இல் வீட்டிலிருந்து போன அப்பா திரும்பி வரவில்லை. அவர் இருக்கிறார் என்று எழுதுவதா, இருந்தார் என்று எழுதுவதா? ‘இருந்தார்’ என்று நான் எழுதியதை அம்மா கறுப்பு மையால் வெட்டிவிட்டார்.

இந்தக் கேள்வியை நான் பல நாள் கையில் வைத்திருந்தேன். அம்மா வெட்டியது சரி. உங்களுக்குத் தெரியாத ஒன்றை அந்த இறந்தகாலம் தெரிந்ததாகச் சொல்லிவிடுகிறது.

தமிழ் இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் உதவி வைத்திருக்கிறது. ‘அப்பா விடிய எழும்பி வெற்றிலை போடுவார், முற்றத்தில் நின்று மாட்டைக் கூப்பிடுவார்’ என்று எழுதினால், அந்தப் ‘போடுவார்’ முந்திய காலத்து வழக்கத்தையும் சொல்லும், நாளைக்கு நடக்கப்போவதையும் சொல்லும். நம் வீடுகளில் வராதவர்களைப் பற்றிப் பேசும் எல்லோரும் தம்மை அறியாமலே இந்த வடிவத்தில்தான் பேசுகிறார்கள். உங்கள் அம்மாவையும் கவனித்துப் பாருங்கள். அப்பாவின் பழக்கவழக்கங்கள் முழுவதையும் அவரிடமிருந்து கேட்டு, இந்த ‘வார்’ முடிவிலேயே எழுதுங்கள்.

அவர் போன நாளை மட்டும் இறந்தகாலத்தில், நீங்கள் கண்ட அளவுக்கு எழுதுங்கள்: சைக்கிளை எடுத்தார், வேலி வாசலான கடப்படியில் ஒருமுறை திரும்பினார். கடப்புக்கு அப்பால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அங்கே கற்பனை வேண்டாம். பக்கத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். 2016இல் வந்த சட்டத்தின்படி, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்காமல், அவர் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழைக் குடும்பம் பெற முடிகிறது. அதை அம்மா எடுத்தாரோ மறுத்தாரோ, அந்தப் படிவத்தின் முன்னால் அவர் இருந்த விதத்தை நீங்கள் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

கல்முனையிலிருந்து ஒருவர்: மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லைப் பாவிப்பது? எல்லாச் சொல்லும் கூசுகிறது.

சற்றுமுன் நீங்களே ‘ஒரு பக்கத்தை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சொல் அதுதான். வைத்தியர் ‘மார்பகம்’ என்றார், பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்தில் அது ‘முலை’யாக இருந்தது, நோய் வந்த பிறகு வீட்டில் எல்லோரும் ‘அந்த இடம்’ என்றார்கள். இந்தச் சொற்கள் மாறி மாறி வந்த வரிசையையே எழுதினால், உங்கள் உடம்பு யார் யார் கைக்குப் போய் வந்தது என்பது வாசிப்பவருக்கு விளங்கிவிடும். கூச்சத்தை ஒளிக்க வேண்டாம். எந்தச் சொல்லில் பேனா நின்றது என்பதையும் எழுதுங்கள். சட்டையில் அந்தப் பக்கத்துக்குள் என்ன வைத்துத் தைத்தீர்கள், முதல் நாள் கண்ணாடியில் என்ன பார்த்தீர்கள் என்பவற்றை எழுதினால் பெரிய சொற்களுக்கு வேலையே இராது.

ஆரையம்பதியிலிருந்து ஒருவர்: சூறாவளி இரவில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பது என் நினைவு. அக்கா, தூக்கியது மாமா என்கிறார்.

சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23இல். அந்த நாளில் உங்கள் வயது என்ன, அப்பா ஊரில் இருந்தாரா, வயல் வட்டைக்குள் நின்றாரா என்று முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள். அதன் பின்னரும் தீரவில்லையானால் இரண்டையும் எழுதுங்கள். இருட்டில் உங்களைத் தூக்கிய கையின் மணமும், தலைக்கு மேல் கூரை போன சத்தமும் உங்களுடையவை. அவற்றை எவரும் மறுக்க முடியாது. அந்தக் கை அப்பாவினுடையதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் ஏன் இத்தனை வருடம் விரும்பினீர்கள் என்பது, சூறாவளியை விடப் பெரிய அத்தியாயமாக வரக்கூடும்.

பாண்டிருப்பிலிருந்து ஒருவர்: 2004 சுனாமியில் படங்கள், சாதகம், உறுதி எல்லாம் போய்விட்டன. ஆதாரமில்லாமல் எப்படி எழுதுவது?

பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பதியப்பட்ட உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். கிறிஸ்தவக் குடும்பமானால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குக் கலியாணப் படங்களை ஒருகாலத்தில் அனுப்பியிருப்பீர்கள். அவர்களின் அல்பங்களைத் தண்ணீர் தொடவில்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால், தொலைந்த படத்தையே எழுதுங்கள்: எந்தச் சுவரில் தொங்கியது, அதில் யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்று.

மண்டூரிலிருந்து ஒருவர்: பெயர்களை மாற்றினால் போதுமா? வழக்குப் போடுவார்களா?

ஊர் சிறியது, பெயரை மாற்றினாலும் ஆளைத் தெரிந்துகொள்வார்கள். பெயர் மாற்றம் வெளியூர் வாசகரிடமிருந்து அவர்களைக் காப்பாற்றும், அவ்வளவுதான். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. ஆனால் குடியியல் வழக்குக்கு இன்னும் இடமுண்டு. உயிரோடு இருக்கும் ஒருவர்மீது குற்றம் சொல்லும் பக்கங்களை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

தம்பிலுவிலிலிருந்து ஒரு மாணவர்: அம்மம்மா பேசுவதைப் பேசியபடியே எழுதலாமா?

எழுத வேண்டும். “மறுகா என்ன மனே?” என்று கேட்ட கிழவியை “பின்னர் என்ன மகனே?” என்று கேட்க வைத்தால் அவர் வேறு யாரோ ஆகிவிடுவார். உங்கள் சொந்த வாக்கியங்களை எந்த நடையிலும் எழுதுங்கள். அவருடைய வாயில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஏறாவூரிலிருந்து ஒரு சகோதரி: முதலில் யாரிடம் வாசிக்கக் கொடுப்பது?

எழுதப்பட்டவர்களில், அதிகம் நோகக்கூடியவரிடம் கொடுங்கள்; அவரால் வாசிக்க முடியாவிட்டால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். என் அம்மாவுக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. காய்ச்சல் வந்த இரவைப் பற்றிய பக்கங்களை, பின்வளவுத் திண்ணையில் அவர் பக்கத்தில் இருந்து வாசித்தேன். அந்த இரவில் நான் அழவேயில்லை என்று எல்லோரும் சொல்லியே வளர்ந்தவள் நான். அப்படியே எழுதியும் இருந்தேன். அந்த வரி வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார்.

“நீ அழுத நீ, மனே. வீடு நிறைய ஆக்கள் படுத்திருந்தாங்க. நான்தான் உன்ட வாயப் பொத்தின நான்” என்றார்.

என் வரியை வெட்டிவிட்டு, அம்மாவின் வார்த்தைகளை அவர் சொன்னபடியே அந்த இடத்தில் வைத்தேன்.